தலையிடி என்று நீ சொன்ன காலை

அக்கா,

நான்தான், உன் சின்னவன். நீ போய் ஆறு வருசம். இவ்வளவு நாளும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்கு எழுதிவிட வேண்டும் என்று ஒரு கொப்பியோடு வந்து இருக்கிறேன். இருக்கிற இடம் ஆஸ்பத்திரி விறாந்தை. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ என்று உடனே கேளாதே. முதலில் இருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அந்தக் காலையில் இருந்து தொடங்க வேண்டும். அப்போது நீ ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி. சீனன்குடாவில் நீயும் அத்தானும் இருந்த வாடகை வீட்டில் நீ தனிய. அத்தான் வேலைக்குப் போய்விட்டார். அவர் வேலை செய்கிற இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் மொட்டை மாடியில் ஏசி ஒன்றைக் கழற்றிக்கொண்டு நின்றேன். பத்து மணி இருக்கும், நீ போன் எடுத்தாய்.

"தம்பி, தலை சரியா இடிக்குதடா. நேற்றிலயிருந்து விடுதில்லை. கண்ணுக்கு முன்னால என்னவோ மினுங்கிற மாதிரிக் கிடக்கு. அத்தானுக்கும் எடுக்கேலாது. நீ ஒருக்கா வாறியோ?"

"வெயிலுக்குத்தானக்கா இருக்கும். ஒரு குளிசையைப் போட்டிட்டுப் படு. நான் வேலை முடிய வாறன்."

"சரியடா."

அவ்வளவுதான். ஒரு நிமிசம்கூட இல்லை. பிறகு நான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இரண்டு மணிபோல உன் பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ விழுகிற சத்தம் கேட்டு ஓடிவந்தார். உனக்கு வலிப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீயும் திரும்பி வரவில்லை, உன் வயிற்றில் இருந்ததும் வரவில்லை. "பிரஷர் கூடித்தான் வலிப்பு வந்திருக்கு. காலையில கொண்டு வந்திருந்தா..." என்று டொக்டர் தொடங்கினார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் போய்விட்டார்.

நீ விழுந்தபோது உன் போனும் உடைந்துபோனது. என் போனில் இருந்த அந்த அழைப்பை நானே அழித்தேன். நீ என்னைக் கூப்பிட்டது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு இரண்டு வருசத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. நீ காணாத உன் மச்சாளின் பெயர் நிரோஜா. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு ரீச்சர். லிங்கநகரில் எங்கள் வீட்டில்தான், அம்மாவோடு இருக்கிறோம். உனக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரிந்த கதைதானே. அந்தப் போன் கதையை மட்டும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்கிறது, நீயே சொல்லு?

போன வருசக் கடைசியில் ஒருநாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுச் சீலையோடு நின்றவள், "முழுகாம இருக்கிறன்போல" என்றாள். சந்தோசப்பட வேண்டிய இடத்தில் நான் ஏழாம் மாசம் எப்ப வரும் என்று விரல் மடித்து எண்ணினேன். அம்மா அன்றைக்கே உன் படத்தைச் சுவரில் இருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்தா. "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில அந்தக் கதை ஒருத்தரும் கதைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டா. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

முதல் மூன்று மாசமும் நிரோஜாவுக்குச் சத்தியும் ஓங்காளமும். மீன் பொரிக்கிற மணம் வந்தால் குசினியை விட்டு ஓடுவாள். பிறகு என் வேலைச் சட்டை மணம் ஏலாமல் போனது. பிறகு தானே ஆசைப்பட்டு வாங்கின சவர்க்காரத்தைத் தூக்கி எறிந்தாள். கழுத்தடி கறுத்தது. "என்னைப் பாருங்கோ, ஆரோ கரி பூசிவிட்ட மாதிரி" என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். வகுப்பில் ஒரு பிள்ளை கீறிக் கொடுத்த பூனைப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் அழுதாள். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பூனைக்கு வாய் கீறேல்லை" என்றாள். நீயும் இப்படி அழுதிருப்பாயோ அக்கா? நான் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லையே.

எனக்கும் உடம்பு மாறியது என்றால் நீ சிரிப்பாய். பல் தீட்டும்போது ஓங்காளம் வந்தது. சோறு கண்டபடி இறங்கியது, காற்சட்டை இடுப்பில் பூட்ட ஏலாமல் போனது. வேலை இடத்தில் சின்ன விசயத்துக்கெல்லாம் கத்தினேன். எங்கள் பகுதி மிட்வைஃப் ரிஸானா மிஸ், கிண்ணியாவில் இருந்து வருகிறவ, இதைக் கேட்டுவிட்டு, "சில ஆம்புளயளுக்கும் இப்பிடி வாறதுதான் தம்பி. வெக்கப்படாதீங்க. பயமா இருந்தா வாயால சொல்லுங்க, உள்ளுக்கு வெச்சிக்காதீங்க" என்றா. நான் சிரித்துச் சமாளித்தேன்.

ஐந்தாம் மாசம் ஒருநாள் பின்னேரம், நிரோஜா கதிரையில் சாய்ந்து இருந்தவள் திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். "இஞ்ச வாங்கோ, கெதியா! கை வைச்சுப் பாருங்கோ, துடிக்குது!" நான் கிட்டப் போனேன். அவள் சட்டையை ஒதுக்கி, என் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள். "கையெல்லாம் கிறீஸ், கழுவிக்கொண்டு வாறன்" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனவன், நெடுநேரம் அங்கேயே நின்றேன். நான் திரும்பி வந்தபோது அவள் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு கொப்பி திருத்திக்கொண்டு இருந்தாள். அதற்குப் பிறகு என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை.

தொட்டால் அந்தப் பிள்ளை எனக்கு உண்மையாகிவிடும் என்று பயந்தேன் அக்கா. இதை எந்த மனுசிக்கு விளங்கப்படுத்துவது?

பிறகு கிளினிக்கில் ஒரு வகுப்பு வைத்தார்கள். தாய் தகப்பன் இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்று ரிஸானா மிஸ் வீட்டுக்கே வந்து சொல்லியிருந்தா. இடுப்பு நாரி நோகும், கால் கொஞ்சம் வீங்கும், மூச்சு வாங்கும், பயந்த கனவுகள் வரும், இதெல்லாம் வழமை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தா. கடைசியில் குரலை மாற்றினா. "இப்ப சொல்றத ரெண்டு பேரும் நல்லாக் கேளுங்க. விடாத தலையிடி, கண் மங்குறது, மேல் வயிறு நோகிறது, முகமும் கையும் திடீரெண்டு ஊதுறது, புள்ளட துடிப்புக் குறையிறது. இதுல ஒண்டு வந்தாலும் குளிசையப் போட்டுட்டுப் படுக்கிறல்ல. ஒடனே ஆஸ்பத்திரி."

மற்றத் தகப்பன்மார் தலையாட்டினார்கள். நான் எழும்பி வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தநாளே பிரஷர் பார்க்கிற மெசின் ஒன்று வாங்கினேன். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தரம் அவள் கையில் பட்டியைச் சுற்றினேன். சும்மா கண்ணைக் கசக்கினாலும் கொண்டு ஓடினேன். வேலை இடத்தில் இருந்து மணிக்கு ஒருக்கால் போன். "தலை இடிக்குதோ? கண் தெளிவோ?" வகுப்புக்கு நடுவில் போனை எடுத்து எடுத்து அவளுக்குப் பள்ளிக்கூட அதிபரிடம் பேச்சு விழுந்தது. ஏழாம் மாசம் தொடங்கினதில் இருந்து எனக்கு விசர் பிடித்த மாதிரித்தான். நீ போன மாசம் அல்லவா?

ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டு இருந்தவளின் இடது கையை நான் இழுத்தபோது, அவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

"நான் நீங்கள் கழட்டிப் பூட்டுற ஏசி இல்லை!"

"நிரோஜா, உம்மட நன்மைக்குத்தானே..."

"என்ர நன்மையோ? எத்தினை மாசமா நீங்கள் என்ர முகத்தைப் பாத்துக் கதைக்கேல்லை. அந்த நம்பரைத்தான் பாக்கிறியள். பிள்ளை துடிக்குது, தொடுங்கோ எண்டால் ஓடுறியள். என்னைப் பாக்கேக்க உங்கட கண்ணுக்கு உங்கட அக்காதான் தெரியுறா. நான் செத்துப்போவன் எண்டு நினைச்சுக்கொண்டு என்னோட இருக்காதேங்கோ. எனக்கும் பயமா இருக்கு. என்ர பயத்தை நான் ஆரிட்டச் சொல்ல?"

அம்மா குசினிக்குள் இருந்து, "அவளைப் பயப்பிடுத்தாதையடா" என்றா. நான் மெசினை மடித்து அலுமாரிக்கு மேல் வைத்தேன். அதற்குப் பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். வீடு அமைதியானது. நல்ல அமைதி என்று நினைத்தேன்.

போன கிழமைக்கு முதல் கிழமை, செவ்வாய்க்கிழமை. அவளுக்கு எட்டு மாசம் கடந்து ஒரு கிழமை. பத்து நாளுக்கு முன்னம் கிளினிக்கில் எல்லாம் சரி என்றுதான் கொப்பியில் எழுதியிருந்தார்கள். நிலாவெளியில் அன்று எனக்கு வேலை வேளைக்கே முடிந்துவிட்டது, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. பள்ளிக்கூடத்துக்கு லீவு எடுத்திருந்த நிரோஜா குசினியில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பைக்குள் அல்ல அக்கா. கோப்பைக்குப் பக்கத்தில், மேசையில் ஊற்றினாள். தேத்தண்ணி மேசையால் வழிந்து அவள் காலடியில் ஊற்றும்வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை.

"நிரோஜா, தலை இடிக்குதோ?"

"இல்லை."

"உண்மையாச் சொல்லும்."

"இல்லையெண்டு சொல்லுறன்தானே. கை தவறிப்போச்சு."

அவள் முகம் ஊதியிருந்தது. தாலிக்கொடி கழுத்தில் இறுகிக் கிடந்தது. இத்தனை நாள் பக்கத்தில் இருந்து நான் இதைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு வாய் திறந்தது. திட்டம் போட்டுச் சொல்லவில்லை, தானாக வந்தது.

"அக்கா அண்டைக்குக் காலமை எனக்குப் போன் எடுத்தவ. தலை இடிக்குது, கண்ணுக்கு முன்னால மினுங்குது, வா எண்டு கேட்டவ. நான் குளிசையைப் போட்டிட்டுப் படு எண்டனான். நான் போகேல்லை. நாலு மணித்தியாலம் இருந்தது நிரோஜா. நாலு மணித்தியாலம். நான் போகேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். நேராக அல்ல, என் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கதிரையில் இருந்தாள்.

"ரெண்டு நாளா இடிக்குது" என்றாள். "காலமையில இருந்து பாதிதான் தெரியுது. சொன்னால் நீங்கள் பயந்து சாவியள் எண்டு சொல்லேல்லை."

விளங்குகிறதா அக்கா? நீ வாய் திறந்தும் நான் கேட்கவில்லை. இவளை என் பயத்தாலேயே வாய் திறக்க விடவில்லை.

மெசினை எடுத்துச் சுற்றினேன். நூற்றெழுபத்திரண்டு. கீழ் நம்பரும் நூற்றுப்பத்துக்கு மேலே. ஓட்டோவுக்குப் போன் எடுத்தேன். வந்தவரிடம் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை, எங்களைக் கண்டதும் அவரே விரைவாக எடுத்தார். பஸ் நிலையத்தடியில் டவுனுக்குள் திரிகிற மான்கள் இரண்டு றோட்டுக்கு நடுவில் நின்றன. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார், அதுகள் அசையவில்லை. நான் இறங்கி ஓடிப்போய் இரண்டு கையாலும் துரத்தினேன். திரும்பி வந்து ஏறியபோது நிரோஜா என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். "துடிக்குதோ பாருங்கோ. எனக்கு வடிவாத் தெரியேல்லை" என்றாள்.

அதுதான் நான் முதல்தரம் தொட்டது. துடிக்கவில்லை. நானும் அவளும் மூச்சு விடாமல் காத்திருந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ திரும்புகிறபோது, உள்ளுக்குள் இருந்து யாரோ மெல்ல ஒருக்கால் தள்ளின மாதிரி இருந்தது. "துடிச்சது" என்றேன். அது பிள்ளைதானோ, ஓட்டோ குலுங்கினதோ என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் துடித்தது என்றுதான் சொன்னேன்.

வலிப்பு வராமல் இருக்க உடனே ஊசி போட்டார்கள். சின்ன வயசு டொக்டர் ஒருவர், சிங்களப் பிள்ளை, கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் தேடி எடுத்துச் சொன்னா. "பிரஷர் நல்லாக் கூட. மருந்து குடுக்கிறம். பிள்ளை இப்ப எடுக்கணும். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அதுதான் நல்லம்." கையெழுத்துப் போட்டேன். என் பெயரையே இரண்டாம்தரம்தான் சரியாக எழுதினேன்.

நான் போன் எடுத்ததும் அம்மா கோயிலில் இருந்து நேரே வந்துவிட்டா, கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு. நான் உன் போன் கதையை அம்மாவுக்கும் சொன்னேன், விறாந்தையில் நாங்கள் இருந்த வாங்கிலேயே. நீ போனதற்குப் பிறகு அம்மா எனக்கு முன்னால் அழுதது அன்றைக்குத்தான். அடிப்பா என்று நினைத்தேன். "எனக்கும் முதல்நாள் சொன்னவளடா, தலையிடிக்குதெண்டு. நான் எண்ணெய் வைச்சு முழுகு எண்டனான்" என்றா. ஆறு வருசம் ஒரு வீட்டுக்குள் இருந்து இரண்டு பேரும் இதை ஒளித்து வைத்திருந்திருக்கிறோம்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கதவு திறந்தது. ஒரு நேர்ஸ் மிஸ் துணிச் சுருட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்க்காமல் வேகமாகப் போனா. அழுகைச் சத்தம் இல்லை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தா. அந்தச் சில நிமிசங்களை நான் எழுதமாட்டேன். பிறகு அவ திரும்பி வந்து சொன்னா: "பொம்பிளைப் பிள்ளை. ஒரு கிலோ தொளாயிரம். மூச்சுக்குக் கொஞ்சம் உதவி வேணும். அழுதிட்டா."

உனக்கு ஒரு மருமகள், அக்கா.

நிரோஜாவுக்குத்தான் நாலு நாள் இழுத்தது. பிள்ளை பிறந்தால் பிரஷர் உடனே இறங்கிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, பிறகும் வலிப்பு வரலாம் என்று சொல்லி, பக்கத்தை விட்டு விலகாமல் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, எதிரே சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்து, "நாலேகால்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. மணிக்கூட்டை வாசித்தாள் அக்கா. முள் தெரிந்திருக்கிறது அவளுக்கு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஏலாது. பிள்ளையை முதல்தரம் காட்டியபோது நிரோஜா திரும்பிப் படுத்தாள். "என்ர பிள்ளை மாதிரித் தெரியேல்லை. எனக்கு ஒண்டும் வருகுதில்லை. நான் கூடாத தாயோ?" என்று என்னைக் கேட்டாள். முந்திய நான் என்றால் ஓடிப்போய் யாரையாவது கூட்டி வந்திருப்பேன். இந்தமுறை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். "எனக்கும் எட்டு மாசம் ஒண்டும் வரேல்லை. பயம் மட்டும்தான் வந்தது" என்றேன். பார்க்க வந்த ரிஸானா மிஸ்ஸிடம் அவளே அதைச் சொன்னாள். "உடம்பு இவ்வளவு பட்டிருக்கு மகள், மனசு பின்னால நடந்துதான் வரும். ரெண்டு கிழமையிலயும் இப்பிடியே இருந்தா மறைக்காம எனக்குச் சொல்லணும்" என்றா மிஸ். நேற்று நிரோஜா தன் பாலைத் தானே ஒரு சின்னக் கோப்பையில் எடுத்து, பிள்ளையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.

இனி நான் எழுதப் பயப்பட்ட பகுதி.

முந்தநாள் அத்தான் வந்தார். அவர் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை, அதே வீடு, அதே வேலை. கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்தபடி நின்றார். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீ வேளைக்குக் கொண்டு வந்திட்டாய்" என்றார். "நான்தான் விட்டிட்டன். அண்டைக்கு நான் வெளிக்கிடேக்க அவள் நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். கண்டனான். கண்டிட்டும் போனனான். ஒரு நாள் லீவு, அவ்வளவுதானே? அவளும் அப்பிடித்தான், ஒருத்தரையும் கரைச்சல் படுத்தமாட்டாள். ஆருக்கும் ஒரு கோல் எடுத்திருந்தால் காணும். எடுக்கேல்லையே."

சொல்ல வாய் வந்தது. அந்த நேரம் மிஸ் பிள்ளையின் துணி கேட்டுக் கூப்பிட்டா, நான் எழும்பிப் போய்விட்டேன். போக ஒரு சாட்டுக் கிடைத்தது என்று போனேன். அதுதான் உண்மை. திரும்பி வந்தபோது அவர் இல்லை.

நிரோஜாவிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே, "போய்ச் சொல்லுங்கோ. அவர் தன்ர பங்கைவிடக் கூடச் சுமக்கிறார்" என்றாள்.

நாளைக்கு அத்தானுக்கு லீவு. காலை பஸ்ஸில் சீனன்குடாவுக்குப் போவேன். அவர் என்ன செய்வார் என்று தெரியாது. வெளியே போ என்று சொல்லலாம், இனி முகத்தில் முழிக்காதே என்றும் சொல்லலாம். சொல்லட்டும். அம்மா சொன்னதை அம்மாவே சொல்வா, அது அவவின் விசயம். என்னுடையதை நான் சொல்லிவிட்டுத்தான் அந்த வாசலை விட்டுத் திரும்புவேன். இதை உனக்கு வாக்காகத் தருகிறேன். நீ பேசாமல் கிடந்து செத்தாய் என்று அவர் இனி ஒருநாளும் நினைக்கக் கூடாது. நீ கூப்பிட்டனீ அக்கா. நான்தான் வரவில்லை.

நீ கூப்பிட்ட தம்பி,
தயாபரன்